எட்டாயிரத்து ஒரு வெள்ளி

சிங்கப்பூரில் ஒருவர் வசதியானவரா என்று அறிய அவருடைய சம்பளத்தைக் கேட்க வேண்டியதில்லை. எத்தனை அறை வீடு என்று கேட்டால் போதும். ஓரறை என்றால் அரசாங்க வாடகை வீடு, அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். மூவறை என்றால் உழைத்து நிமிர்ந்த குடும்பம். கூடத்தையும் சேர்த்து எண்ணுவது எங்கள் வழக்கம். படுக்கையறை இரண்டுதான் இருக்கும். நாலறை என்றால் பரவாயில்லை. ஐந்தறை என்றால் பிள்ளைகள் படித்து முடித்திருப்பார்கள். அதற்கு மேலே வாசலில் காவல்காரரும் கீழே நீச்சல்குளமும் உள்ள கொண்டோ. எல்லாவற்றுக்கும் மேலே தரைவீடு. புள்ளிவிவரத் துறையும் குடும்ப வருமானத்தை வீட்டு வகைப்படி பிரித்துக் காட்டுகிறது. சம்பந்தம் பேச வருகிறவர்களும் அதே வரிசையில்தான் விசாரிக்கிறார்கள்.

மற்றவர்களின் சம்பளத்தை எழுதியே என் சம்பளத்தை வாங்கியவள் நான். 1973இல் செம்பவாங் பக்கம் ஒரு கப்பல் பட்டறையின் சம்பளப் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். அப்போது சம்பளம் பழுப்பு உறையில் ரொக்கமாகப் போகும். ஆர்க்கிட் பூ போட்ட நோட்டுகளில் எத்தனை ஐம்பது, எத்தனை பத்து, எத்தனை ஐந்து, சில்லறை எவ்வளவு என்று ஒவ்வொரு ஆளுக்கும் தனியாகக் கணக்கிட்டு வங்கிக்குப் பட்டியல் அனுப்புவோம். பிறகு உறை போய் வங்கிக் கணக்கு வந்தது. பேரேடு போய்க் கணினி வந்தது. வேறு இரண்டு நிறுவனங்களிலும் அதே வேலையைத்தான் செய்தேன். எந்த இயந்திரம் வந்தாலும் மாறாத ஒரு வேலை இருந்தது. வீட்டுக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்குச் சம்பளச் சான்று தட்டச்சு செய்து கொடுப்பது. இன்னார் எங்களிடம் இன்ன வேலை பார்க்கிறார், மாதச் சம்பளம் இவ்வளவு, இப்படிக்கு. மூன்றே வரி. அந்த மூன்று வரியில் உள்ள எண் ஒரு குடும்பத்தை எந்த வரிசையில் நிறுத்தலாம் என்று சொல்லிவிடும்.

அதனால் நடுத்தர வர்க்கம் என்றால் என்ன என்று யாராவது தத்துவமாகப் பேச ஆரம்பித்தால் எனக்குப் பொறுமை இருப்பதில்லை. இந்த ஊரில் அது மனசைப் பொறுத்த விஷயமாக இருந்ததே கிடையாது. அரசாங்கம் ஒரு கோடு போடும். சில ஆண்டுகள் கழித்து அதை அழித்து மேலே போடும். கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஒரு வீடு, மேலே இருப்பவர்களுக்கு வேறு வீடு. யார் எந்தப் பக்கம் என்பதைச் சம்பளப் பிரிவில் உட்கார்ந்திருப்பவள் முதலில் அறிவாள்.

முதல் கோடு வறுமைக்காகப் போட்டது. சமூக நலத்துறையில் அதிகாரியாக இருந்த கோ கெங் சுவீ 1953-54இல் நகரத்துக் குடும்பங்களின் வருமானத்தையும் வீட்டு வசதியையும் ஆராய்ந்தார்; அறிக்கை 1956இல் வெளியானது. ஒரு குடும்பம் உயிர் தரிக்கக் குறைந்தது எவ்வளவு வேண்டும் என்று கணக்கிட்டு, அதற்குக் கீழே எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தார். பிறகு அவரே நிதியமைச்சரானார். கோடு போடத் தெரிந்தவர் கையில் கஜானாச் சாவியும் வந்தது என்று எங்கள் பழைய மேலாளர் சொல்வார். அந்தக் காலத்தில் சைனாடவுனில் கடைவீட்டின் மாடியைப் பலகையால் தடுத்து, சன்னல் இல்லாத அறைகளாக்கி, ஓர் அறைக்கு ஒரு குடும்பம் என்று குடியிருந்தார்கள். அப்பர் நான்கின் தெருவில் அப்படி வாழ்ந்தவர்களைப் பற்றி பேரிங்டன் கே எழுதிய ஆய்வு 1960இல் புத்தகமாக வந்தது. கம்பங்கள் என்ற கிராமக் குடியிருப்புகளில் அத்தாப்பு ஓலைக் கூரை வீடுகள். அவற்றில் மலாய்க்காரர், சீனர், நம் ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள்.

நான் பிறந்தது பிரிட்டிஷ் கடற்படைத் தளத்துத் தொழிலாளர் லைனில். அங்கே வர்க்கம் பற்றிச் சந்தேகத்துக்கே இடமில்லை. வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு மேட்டில் கறுப்பு வெள்ளைச் சாயம் பூசிய பங்களா. மலையாளிகளும் யாழ்ப்பாணத்தாரும் பார்த்த குமாஸ்தா வேலைகளுக்குச் சமையலறை தனியாக உள்ள குவார்ட்டர்ஸ். கிட்டங்கிக் கூலியான என் அப்பாவுக்கு ஓர் அறை, பின்னால் அடுப்படி, பொதுக்குழாய். பதவி மாறினால் வீடு மாறும், வேலை போனால் வீடும் போகும். வீட்டை வைத்து ஆளை மதிப்பிடும் பழக்கத்தை வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்தான் கொண்டுவந்தது என்று நினைப்பவர்கள் அந்த லைன்களைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வீவக 1960 பிப்ரவரியில் தொடங்கியது. மறு ஆண்டு மே 25ஆம் தேதி, ஹஜ்ஜுப் பெருநாள் அன்று, புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் தீப்பிடித்துப் பதினாறாயிரம் பேர் அளவில் வீடிழந்தார்கள். அதன் பிறகு கட்டட வேகம் எப்படி எகிறியது என்பது பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. எனக்கு முக்கியமானது 1964. அதுவரை வாடகைக்கு விட்ட வீடுகளை அந்த ஆண்டு விற்கத் தொடங்கினார்கள், குவீன்ஸ்டவுனில். ஈரறை வீடு 4,900 வெள்ளி, மூவறை வீடு 6,200 வெள்ளி. மிகுந்த வருமானம் உள்ளவர்கள் கேட்க முடியாது. உச்சவரம்பு தொடக்கத்திலேயே இருந்தது. அரசாங்க வீடு என்பது இல்லாதவர்களுக்கானது, இருப்பவர்கள் சந்தையில் பார்த்துக்கொள்ள வேண்டும். கொள்கை அவ்வளவுதான்.

ஆனால் இல்லாதவர்களிடம் 6,200 வெள்ளி எங்கிருந்து வரும்? 1955 ஜூலையில் தொடங்கிய மத்திய சேம நிதியில் தொழிலாளி ஐந்து விழுக்காடும் முதலாளி ஐந்து விழுக்காடும் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஓய்வுக்காலப் பணம், தொடக்கூடாது. 1968இல் அதை வீட்டுக்கு எடுக்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். அதே ஆண்டு ஜனவரியில்தான் பிரிட்டன் தன் படைகளைத் திரும்ப அழைத்துக்கொள்ளப் போவதாக அறிவித்தது. எங்கள் லைனில் அடுப்பெரியாத துக்கம். தளத்தை நம்பியிருந்த சிலர் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். அப்பா ஏறவில்லை. பட்டறையில் வேலை கிடைத்தது, எழுபதுகளின் நடுவில் அங் மோ கியோவில் ஒரு மூவறை வீடும் கிடைத்தது.

அம்மாவுக்கு அந்த வீட்டின் கணக்குக் கடைசிவரை விளங்கவில்லை. "வாடகைக்காரன் வரல, கையிலேருந்து ஒரு காசு போகல, வீடு நம்மளதுங்கிறீங்க, யாரு கட்டுறா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அப்பா, "உன் மவ கட்டுறா" என்பார். ஒரு வகையில் அது உண்மை. மாதாமாதம் அப்பாவின் சேம நிதியைப் பிடித்து அனுப்பிய பட்டியலைத் தட்டச்சு செய்தவள் நான். கையில் காசைத் தொடாமலே வீட்டுக்குக் கடன் அடையும் இந்த ஏற்பாடுதான், என் கண்ணால் பார்த்தவரை, இந்த ஊரின் நடுத்தர வர்க்கத்தை உண்டாக்கியது. கூலி உயர்வெல்லாம் அதற்கு அடுத்தபடிதான். சேமிக்கத் தெரியாதவர், குடிப்பவர், நாலு நம்பர் லாட்டரி எடுப்பவர், எல்லாருடைய வீட்டுக் கடனும் ஒரே மாதிரி அடைந்தது. 1984இல் சேம நிதி உச்சத்துக்குப் போனபோது இரு தரப்பும் தலைக்கு 25 விழுக்காடு. சம்பளத்தில் கால் பங்கைக் கண்ணிலேயே காட்டாமல் எடுத்து வைத்தோம். 1985இல் பொருளாதாரம் சரிந்ததும் மறு ஆண்டு முதலாளியின் பங்கைப் பத்தாகக் குறைத்தார்கள். வீட்டுத் தவணை கட்ட முடியாமல் சம்பளப் பிரிவு சன்னலுக்கு வந்து நின்றவர்களை அந்த ஆண்டில் முதன்முதலாகப் பார்த்தேன்.

சம்பளங்கள் ஏறத் தொடங்கியது 1972இல் தேசிய சம்பள மன்றம் வந்த பிறகு. ஆண்டுதோறும் இவ்வளவு உயர்த்தலாம் என்று அது பரிந்துரைக்கும், எங்கள் பிரிவில் எல்லாரும் இரவு வரை உட்கார்ந்து நிலுவை கணக்கிடுவோம். 1979 முதல் மூன்று ஆண்டுகள் வேண்டுமென்றே பெரிதாக ஏற்றினார்கள், மலிவுக் கூலியை நம்பிய ஆலைகள் இடத்தைக் காலி செய்யட்டும் என்று. சம்பளம் ஏறினால் கோட்டைத் தாண்டுகிறவர்களும் பெருகுவார்கள் அல்லவா? அவர்களுக்காகவே 1974இல் எச்யுடிசி என்ற ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். அரசாங்க வீடு கிடைக்காத அளவு வருமானம் இருக்கும், தனியார் வீடு வாங்கும் அளவு இருக்காது. இடையில் மாட்டிக்கொண்ட பட்டதாரி ஆசிரியர்கள், பொறியாளர்கள், நிர்வாகிகள் போன்றவர்களுக்கு அகலமான அடுக்குமாடி வீடுகள். 1987க்குப் பிறகு புதிதாகக் கட்டவில்லை. அதில் குடியேறியவர்களைப் பார்த்து அப்போது யாரும் பொறாமைப்பட்டதாக நினைவில்லை. ஃபாரர் கோர்ட் என்ற எச்யுடிசி குடியிருப்பை 2007இல் மொத்தமாக 130 கோடி வெள்ளிக்கு மேல் கொடுத்துக் கட்டுமான நிறுவனங்கள் வாங்கின. வீட்டுக்கு இருபது லட்சத்துக்கு மேல் கிடைத்தது. இரண்டுங்கெட்டான் என்று பரிதாபப்பட்ட வகுப்பு அது.

கோடு வீட்டோடு நிற்கவில்லை. 1984இல் அமைச்சர் கோ சோக் டோங் 1999க்குள் சுவிட்சர்லாந்தின் வாழ்க்கைத் தரத்தை எட்டுவோம் என்று இலக்குச் சொன்னார். அதே 1984இல் வந்த இன்னொரு திட்டத்தை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். முப்பது வயதுக்குட்பட்ட, சாதாரண நிலை (ஓ லெவல்) தேர்ச்சி இல்லாத, குடும்ப வருமானம் மாதம் 1,500 வெள்ளிக்கு மேற்படாத தாய், ஒன்றிரண்டு பிள்ளைகளோடு கருத்தடை அறுவை செய்துகொண்டால் பத்தாயிரம் வெள்ளி. பட்டதாரித் தாயின் பிள்ளைகளுக்கோ பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை. அந்த முன்னுரிமை ஓராண்டிலேயே கைவிடப்பட்டது. எங்கள் பட்டறையில் துப்புரவு வேலை பார்த்த பெண்களின் சம்பளம் எனக்குத் தெரியும். அவர்களில் பலருடைய குடும்ப வருமானம் அந்த 1,500க்கு உள்ளேதான். ஏழை என்பதற்கு அதைவிடப் பச்சையான வரையறையை நான் எந்தப் படிவத்திலும் பார்த்ததில்லை.

இனி 1994. ஒரு நகரம் தன்னைப் பணக்கார நகரம் என்று முடிவு செய்துகொண்ட ஆண்டு எது என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன். ஏப்ரல் முதல் தேதி மூன்று விழுக்காடு பொருள் சேவை வரி வந்தது. அக்டோபரில் அமைச்சர்களின் சம்பளத்தை ஆறு தொழில்களில் மிக அதிகம் சம்பாதிப்பவர்களோடு இணைக்கும் வெள்ளையறிக்கை வந்தது. ஆண்டு முடிவதற்குள் பெரிய கார்களுக்கான சிஓஇ, அதாவது பத்து ஆண்டுகள் கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் உரிமைச் சான்றிதழ், 110,500 வெள்ளிக்குப் போனது. காருக்கு விலை தனி. அந்த ஆண்டுகளில்தான் ஐந்து சி என்ற பேச்சும் வாயில் புகுந்தது: கேஷ், கார், கிரெடிட் கார்டு, கொண்டோ, கண்ட்ரி கிளப். எங்கள் அலுவலகத்து இளைஞர்கள் விளையாட்டாகத் தங்களுக்கு எத்தனை சி என்று மதிப்பெண் போட்டுக்கொள்வார்கள். விளையாட்டில் தோற்றவர்கள் மதிய உணவுக்குக் கோப்பிக்கடைக்கு வராமல் போனதும் உண்டு.

அதே 1994இல் வீவக புது வீட்டுக்கான குடும்ப வருமான உச்சவரம்பு எட்டாயிரம் வெள்ளியானது. முன்பெல்லாம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நகர்ந்த கோடு எட்டாயிரத்தில் பதினேழு ஆண்டுகள் நின்றது. அது போட்டபோது உயரமான கோடு. அதைத் தாண்டுகிறவர் நிஜமாகவே வசதியானவர். ஆனால் கோடு நின்றாலும் சம்பளம் நிற்கவில்லை. இரண்டாயிரத்துப் பத்தை நெருங்கும்போது வேலைக்குப் போய்ச் சில ஆண்டுகள் ஆன இரண்டு பட்டதாரிகள் கல்யாணம் செய்துகொண்டால் சர்வசாதாரணமாக எட்டாயிரத்தைத் தொட்டுவிடுவார்கள்.

அந்தக் காலத்தில்தான் சம்பளப் பிரிவுக்கு விசித்திரமான கோரிக்கைகள் வரத் தொடங்கின. ஒரு பையன், நன்றாக வேலை செய்கிறவன், பதவி உயர்வுக் கடிதத்தோடு வந்து, "அக்கா, இத மூணு மாசம் கழிச்சு அமலாக்க முடியுமா?" என்றான். அவனுக்கு நிச்சயமான பெண்ணும் வேலையில் இருந்தாள். இருவர் சம்பளமும் சேர்ந்து ஏழாயிரத்து எண்ணூறு. உயர்வு முந்நூறு. முந்நூறு வெள்ளி வாங்கினால் அரசாங்கத்தின் புது வீடு கிடையாது, மானியம் கிடையாது, மறுவிற்பனைச் சந்தைக்கோ கொண்டோவுக்கோ போக வேண்டும். வித்தியாசம் லட்சக் கணக்கில். அவன் கணக்கு மிகச் சரி. நான் மேலாளரிடம் கேட்டேன். முடியாது என்றார், அதுவும் சரிதான். மிகைநேர வேலையை வேண்டாம் என்றவர்கள், கல்யாணத்துக்கு முன்பே அவசரமாக வீட்டுக்கு விண்ணப்பித்தவர்கள், வேலையை விட்டுப் பகுதிநேரத்துக்கு மாறிய பெண்கள், எல்லாரையும் பார்த்தேன். மாறியது பெண்கள்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். குடும்ப வருமானம் என்று கோடு போட்டால், கோட்டுக்குள் அடங்க யாருடைய சம்பளம் வெட்டப்படும் என்பது வீட்டுக்குள் முடிவாகும் விஷயம்.

எட்டாயிரத்து ஒரு வெள்ளிக்காரர்களுக்கு இரண்டாவது தடவையாக ஒரு வழி செய்தார்கள். 1995இல் அறிவித்து மறு ஆண்டு விற்பனைக்கு வந்த எக்சகியூட்டிவ் கொண்டோ. பார்க்கக் கொண்டோ, விதியால் பாதி வீவக. ஐந்து ஆண்டுகள் விற்க முடியாது, பத்து ஆண்டுகள் கழிந்தால் முழுத் தனியார் சொத்து. பழைய எச்யுடிசியின் மறுபிறவி என்றே நான் நினைக்கிறேன். இந்த ஊர் ஒரு கோட்டைப் போட்டால், அதற்கு மேலே வழுக்கி விழுந்தவர்களுக்கு ஒரு தட்டையும் கட்டிவிடும். தட்டில் இடம் பிடித்தவர்கள் பிற்பாடு எல்லாரையும்விட லாபம் பார்ப்பார்கள்.

2011 மே பொதுத் தேர்தலில் வீட்டு விலைதான் பெரிய பேச்சு. ஆளும் கட்சி அறுபது விழுக்காட்டு வாக்கோடு வென்றது, ஆனால் அல்ஜுனிட் குழுத்தொகுதியைப் பாட்டாளிக் கட்சியிடம் இழந்தது. அந்த ஆகஸ்டில் கோடு பத்தாயிரத்துக்குப் போனது. 2015இல் பன்னிரண்டாயிரம், 2019இல் பதினான்காயிரம். எக்சகியூட்டிவ் கொண்டோவுக்குப் பதினாறாயிரம். 2024இல் வேலை பார்க்கும் குடும்பங்களின் இடைநிலை மாத வருமானம் 11,297 வெள்ளி என்று புள்ளிவிவரத் துறை சொல்கிறது. பாதிப் பேர் அதற்கு மேல், பாதிப் பேர் கீழ். நண்பர்கள் இந்த எண்ணையும் பதினான்காயிரத்தையும் பக்கத்தில் வைத்து வாதாடுகிறார்கள். வாதாடுமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த 11,297இல் முதலாளி கட்டும் சேம நிதியும் சேர்ந்திருக்கிறது. வீவக கேட்கும் கணக்கில் அது சேராது. சம்பளப் பிரிவில் இருந்தவர்களுக்கு மட்டுமே இது உறுத்தும் போலிருக்கிறது.

காரைப் பற்றி ஒரு வார்த்தை. வசதியானவர் யார் என்று கேட்கும் மருமகனுக்கு நான் சொல்லும் பதில், யோசிக்காமல் கார் வாங்குகிறவர். 1990 மே மாதம் சிஓஇ முறை வந்தபோது சாலை நெரிசலைத் தவிர்க்க என்றார்கள். 2008 நவம்பரில் உலகப் பொருளாதாரம் ஆட்டம் கண்டபோது சிறிய காருக்கான சான்றிதழ் ஏலத்தில் இரண்டு வெள்ளிக்குப் போனது. கோப்பிக்கடையில் இரண்டு கோப்பி. 2023 அக்டோபரில் பெரிய காருக்கு 150,001 வெள்ளி. அந்த ஒரு காகிதத்தின் விலைக்கு 1964 குவீன்ஸ்டவுனில் இருபத்துநாலு மூவறை வீடுகள் வாங்கியிருக்கலாம். அறுபது ஆண்டுப் பணவீக்கத்தை மறந்துவிட்டுச் சொல்கிறேன், தெரியும். ஆனால் வீடும் சும்மா இருக்கவில்லை. அதே குவீன்ஸ்டவுனில், மெய் லிங் தெருவில், மேசனெட் எனப்படும் ஓர் ஈரடுக்கு வீடு 2012இல் பத்து லட்சம் வெள்ளிக்குக் கைமாறியது. அப்போது செய்தித்தாளில் பெரிய செய்தி. 2024இல் பத்து லட்சத்தைத் தாண்டி விற்ற வீவக வீடுகள் ஆயிரத்துக்கு மேல்.

நம்மவர்களுக்கு மட்டும் உள்ள ஒரு கோட்டையும் சொல்ல வேண்டும். 1991இல் தொடங்கிய சிண்டா, இந்தியப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவும் அமைப்பு. இந்தியர் ஒவ்வொருவர் சம்பளத்திலிருந்தும் மாதம் ஒரு சிறு தொகை பிடிப்போம். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாலொழிய அது போய்க்கொண்டே இருக்கும். 2015 முதல் உள்ள விகிதம்: ஆயிரம் வெள்ளி வரை சம்பளமானால் ஒரு வெள்ளி, அங்கிருந்து மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது, பன்னிரண்டு, பதினெட்டு என்று ஏறி, பதினைந்தாயிரத்துக்கு மேல் முப்பது வெள்ளி. சம்பளச் சீட்டில் மற்ற எதையும் பார்க்காமல் சிண்டா வரியை மட்டும் பார்த்து ஆள் எந்தப் படியில் நிற்கிறார் என்று சொல்லிவிடுவேன். எண்பதுகளில் என் பேரேட்டில் இருந்த தமிழர்களுக்கு இந்தப் பிடித்தம் அப்போதே இருந்திருந்தால் பெரும்பாலோர் ஒன்றிலும் மூன்றிலும் இருந்திருப்பார்கள். நான் ஓய்வு பெறும்போது பன்னிரண்டும் பதினெட்டும் சாதாரணம். முப்பதுகாரர்கள் சிலர். அவர்களில் பலர் இங்கே பிறக்காதவர்கள். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் படித்து வந்து நிரந்தரவாசியானவர்கள். இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் அதைப் பற்றிக் கல்யாண வீடுகளில் தணிந்த குரலில் பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். சேர்ந்து பேசியும் இருக்கிறேன்.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டு விதிகளில் தனி ஆள் என்பது வெகுகாலம் இல்லாத பிரிவு. 1991இல் முப்பத்தைந்து வயது கடந்த தனியர் மறுவிற்பனையில் மூவறை வீடு வாங்கலாம் என்று விதி வந்தது. அண்ணன் வீட்டிலிருந்த நான் யீஷூனில் ஒன்று வாங்கினேன். 2013இல்தான் தனியர் புது ஈரறை வீட்டுக்கும் விண்ணப்பிக்கலாம் என்றானது, வருமான வரம்பு ஐயாயிரம். இப்போது ஏழாயிரம். தம்பதிக்குப் பதினான்கு, அதில் பாதி ஏழு என்று கணக்கு நேராக இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டியைப் பாதி விலைக்குத் தருகிற கடை மட்டும் இன்னும் திறக்கவில்லை.

கோ கெங் சுவீ கேட்ட கேள்வியை அண்மையில் வேறு மாதிரி கேட்டார்கள். ஆய்வாளர்கள் சிலர் சாதாரண மக்களைக் குழுக்களாக உட்காரவைத்து, இந்த ஊரில் ஒரு மனிதன் மரியாதையோடு வாழ என்னென்ன வேண்டும் என்று பொருள் பொருளாகப் பேசவிட்டுக் கூட்டிப் பார்த்தார்கள். 2019இல் வந்த விடை, தனியாக வாழும் முதியவருக்கு மாதம் 1,379 வெள்ளி. 2021இல் வந்தது, பள்ளி வயதுப் பிள்ளைகள் இருவரோடு உள்ள பெற்றோருக்கு 6,426. அரசாங்கம் அந்தக் கணக்கு முறையில் குறை கண்டது. எனக்கு அந்த 1,379 மிக நெருக்கமாகப் பட்டது. என் நோட்டில் மாதச் செலவும் அதையொட்டித்தான் நிற்கிறது.

இந்த எண்கள் எல்லாவற்றுக்கும் ஓர் அடிக்குறிப்பு உண்டு. இடைநிலை வருமானம் என்று நான் சொன்னது குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டும் எண்ணியது. 2024 நடுவில் தீவின் மக்கள்தொகை 60 லட்சத்தைத் தாண்டியது. அதில் 18 லட்சத்துக்கு மேற்பட்டோர் இரண்டு வகையிலும் சேராதவர்கள். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் புதுக்கோட்டைப் பேச்சும் ராமநாதபுரத்துப் பேச்சும் கேட்கிறதே, அந்தக் கட்டுமானத் தொழிலாளர்கள் யாரும் அந்த வரிசையில் நிற்கவில்லை. அவர்களையும் நிறுத்தி எண்ணினால் நடு ஆள் எங்கே இருப்பார்? வேலை அனுமதிச் சீட்டுக்காரர் குடும்பத்தை அழைத்துவர வழி இல்லை. அதனால் அவர்களைக் குடும்பமாகக் கணக்கெடுக்கவும் வழி இல்லை.

சற்று மேலே உள்ளவர்களுக்குத் தனிக் கோடு. எம்பிளாய்மென்ட் பாஸ் வாங்க 2025 முதல் குறைந்தது 5,600 வெள்ளி சம்பளம், வயது கூடினால் தொகையும் கூடும். மனைவியையும் பிள்ளையையும் உடன் வைத்துக்கொள்ள 2012 செப்டம்பரில் நாலாயிரம், 2015இல் ஐயாயிரம், 2018 முதல் ஆறாயிரம். பெற்றோரையும் அழைத்துவர வேண்டுமானால் பன்னிரண்டாயிரம். நடுத்தர வர்க்கம் பற்றி நடக்கும் பேச்சில் பதினான்காயிரம் அடிபடும் அளவுக்கு இந்த ஆறாயிரம் அடிபடுவதில்லை. என்னைக் கேட்டால் இந்த ஊரில் இருப்பதிலேயே கூர்மையான கோடு அதுதான்.

என் வீட்டின் இரண்டாவது அறையை வாடகைக்கு விட்டிருக்கிறேன். இப்போது இருப்பவர் மதுரைப் பையன், மென்பொருள் வேலை. கல்யாணமாகி ஓராண்டு ஆகவில்லை, மனைவி ஊரில். ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து, "ஆன்ட்டி, இதுல ஆறாயிரத்து நூறு வருது, விண்ணப்பிக்கலாந்தானே?" என்று கேட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் பார்த்தேன். அடிப்படைச் சம்பளம் 5,700, போக்குவரத்துப் படி 100, மிகைநேரச் சராசரி 300. கணக்கில் எடுப்பது நிலையான மாதச் சம்பளத்தை மட்டும். மிகைநேரம் சேராது, போனஸ் சேராது. மாதாமாதம் மாறாமல் வரும் படி சேரும். ஆக 5,800. இருநூறு வெள்ளி குறைகிறது. மிகைநேரத்தை நிறுத்திவிட்டு அதில் இருநூறை அடிப்படைச் சம்பளத்தில் சேர்க்க நிறுவனம் சம்மதித்தால் இருவருக்குமே நட்டமில்லை, ஒப்பந்தத்தில் எழுத்தில் வர வேண்டும், வாய்வார்த்தை போதாது என்று சொல்லி, மனிதவளப் பிரிவுக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தை நானே எழுதிக் கொடுத்தேன். மூன்று வரிதான். திங்கட்கிழமை கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.